ஐந்தாவது நிமிடத்தில் ஏறிய கிக்

முதல் மடக்கு உள்ளே போனதும் என் முகம் போன போக்கைப் பார்த்துத் தம்பி சிரித்துவிட்டான். "என்னக்கா, மருந்தா குடிக்கிறே?" என்றான். மருந்தென்றால் குடிப்பதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். இதை நானே ஆசைப்பட்டு வாங்கி, இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வேலைக்கு உட்காரும் முன் திறந்திருந்தேன். மாதுளையும் எலுமிச்சையும் சேர்ந்த எனர்ஜி டிரிங்க். சர்க்கரை சேர்க்கவில்லை, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் எதுவும் கிடையாது.

இந்தக் கடைசி வரியை லேபிளில் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏனென்றால் 'சர்க்கரை இல்லை' என்று கேன் மேல் பெரிதாக எழுதியிருந்தால் பெரும்பாலும் உள்ளே சுக்ரலோஸோ அசெசல்ஃபேம் கே என்ற செயற்கை இனிப்பூட்டியோ இருக்கும். சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல 600 மடங்கு இனிக்கும். அதனால் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போட்டால் போதும். கலோரி கணக்கில் வராது, இனிப்பு மட்டும் வரும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது இன்னொரு சாதி. அதில் பழச்சாறு தாராளமாக இருக்கலாம், பழச்சாற்றிலேயே 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இயல்பாக உண்டு. ஆக, சேர்க்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. என் கையில் இருந்தது மூன்றாவது வகை. பழச்சாறு 5 சதவீதம்தான், இனிப்பூட்டி எதுவும் இல்லை. 500 மில்லி கேன் முழுவதிலும் சர்க்கரை 3 கிராம். வழக்கமான எனர்ஜி டிரிங்க் இதே அளவில் 55 கிராம் வரை சர்க்கரை தாங்கும்.

ஒரு வேடிக்கை. உணவுப் பொட்டலத்தில் 'எனர்ஜி' என்ற கட்டத்துக்கு எதிரே போடுவது கலோரியைத்தான். இந்த எனர்ஜி டிரிங்கில் அந்தக் கட்டத்தில் மொத்தக் கேனுக்கும் 25 கலோரி. பேரில் இருக்கும் எனர்ஜி பெட்டிக்குள் இல்லை. இருப்பதெல்லாம் காஃபீன் 160 மில்லிகிராம், டாரின் என்ற அமினோ அமிலம் 2 கிராம், சில பி வைட்டமின்கள், அமிலம், வாயு, வாசனை. காஃபீன் சக்தி தருவதில்லை. களைப்பு இருப்பதை மூளைக்குச் சொல்லவிடாமல் தடுக்கிறது. அது பற்றி அப்புறம்.

சரி, ருசிக்கு வருவோம்.

சர்க்கரை இருக்கும் பானத்தில் நாம் ருசி பார்ப்பதாக நினைத்துக்கொண்டு சர்க்கரையைத்தான் பார்க்கிறோம். புளிப்பை மழுக்குவது, கசப்பை மூடுவது, தண்ணீருக்கு ஒரு கனம் கொடுப்பது எல்லாமே அதன் வேலை. போதாததற்குப் பழ வாசனையைத் தூக்கிக் காட்டுவதும் அதுதான். நம் மூளை பழ வாசனையையும் இனிப்பையும் ஜோடியாகவே கற்றிருக்கிறது. இனிப்பை எடுத்துவிட்டால் அதே அளவு வாசனை மூக்குக்குப் போனாலும் 'பழம் கம்மியா இருக்கே' என்று தோன்றும். சூயிங்கம் மெல்லும்போது இதைக் கவனிக்கலாம். புதினா தீர்ந்துவிட்டது என்று துப்பும் நேரத்தில் உண்மையில் தீர்ந்திருப்பது சர்க்கரைதான், புதினா இன்னும் வந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் என் முதல் மடக்கு ஏமாற்றமாக இருந்தது. கேனைத் திறந்ததும் கம்மென்று பழ வாசம் வந்தது. வாயில் ஊற்றியதும் அந்தப் பழத்தைக் காணோம். நாக்கின் இரு ஓரமும் சுருங்குகிற மாதிரி ஒரு புளிப்பு, அதன் மேல் வாயுவின் சுரீர், விழுங்கிய பிறகு அண்ணத்தில் ஏதோ பூசிவிட்டது போல ஒரு துவர்ப்பு. கடைசியில், எல்லாரும் கிளம்பிப் போன வீட்டில் தாமதமாக வந்து கதவைத் தட்டுகிற விருந்தாளி மாதிரி, அடிநாக்கில் கசப்பு.

துவர்ப்பைச் சொல்லும்போது தமிழுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகள் என்று விஞ்ஞானம் எண்ணும் ஐந்தில் துவர்ப்பு இல்லை. மாதுளை போன்றவற்றில் இருக்கும் டேனின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது, எச்சிலின் வழுவழுப்பு போய் வாய் சொரசொரப்பாகிறது, ஆகவே அது சுவையல்ல, தொடு உணர்ச்சி என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அறுசுவை என்று எண்ணிப் பழகிய நாம் அதற்கு ஒரு தனிப் பெயர் வைத்து, வாயில் வைத்த கணத்திலேயே 'துவர்க்குது' என்று சொல்லிவிடுகிறோம். இனிப்பில்லாத பழப் பானத்தை மதிப்பிட இந்தச் சொல் இல்லாமல் முடியாது. நல்லதில் துவர்ப்பு விழுங்கி முடித்த பிறகுதான் தெரியும், சில நொடியில் எச்சில் ஊறி அதைக் கழுவிவிடும். கெட்டதில் அது நாலைந்து மடக்குக்குள் குவிந்து வாயை மரக்கட்டை ஆக்கிவிடும்.

புளிப்பிலும் ஆள் பார்த்துப் பழக வேண்டும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் வந்ததும் சுள்ளென்று ஒரு அடி அடித்துவிட்டு ஓடிவிடும். ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் மெதுவாக ஏறி, நாக்கில் உட்கார்ந்து, மெதுவாகவே இறங்கும். என் கேனில் இரண்டும் இருந்தன. தயாரித்தவர் விஷயம் தெரிந்தவர் என்று இதில்தான் புரிந்தது. சிட்ரிக் மட்டும் போட்டிருந்தால் அடுத்த நொடியே காலியான வாயில் கசப்பு தனியாக நின்றிருக்கும். மாலிக் அந்த இடைவெளியை நிரப்புகிறது. சர்க்கரை செய்கிற வேலையில் ஒரு பங்கை ஒரு புளிப்பு செய்கிறது.

வாயுவின் சுரீர் குமிழி குத்துவதால் வருவதென்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. குமிழியே எழாத அளவுக்கு அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துக் குடித்தாலும் சுரீர் இருக்கும். வாயில் இருக்கும் ஒரு நொதி கார்பன் டை ஆக்சைடை அமிலமாக மாற்றுகிறது, குத்துவது அந்த அமிலம். உயரமான மலை ஏறுகிறவர்கள் அசெட்டசோலமைடு என்றொரு மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அது இந்த நொதியைத் தடுக்கிற மருந்து. உச்சிக்குப் போய்க் கொண்டாட்டமாகப் பீரைத் திறந்தால் சப்பென்று இருக்குமாம். பீர் என்ன செய்யும் பாவம்.

இப்போது நான் செய்கிற சோதனைகள் இரண்டு. ஒன்று, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மடக்கு, வாயில் இருக்கும்போதே விரலை எடுத்துவிடுவது. பொத்தியிருக்கும்போது தெரிவது நாக்கின் ருசி. விட்டதும் தொண்டை வழியாக மூக்குக்குப் பாய்கிறதே, அதுதான் பழம். என் கேனில் பொத்தியிருக்கும்போது சோடாவில் புளி கரைத்த மாதிரி இருந்தது. விட்டதும் வந்தது மாதுளை இல்லை. மாதுளைக்கு இயல்பிலேயே வாசம் குறைவு. உரித்த முத்துகளை மோந்து பார்த்தால் தெரியும், பச்சையாக ஏதோ ஒன்று லேசாக வரும், அவ்வளவுதான். கேனில் இருந்ததோ ஏதோ சிவப்புப் பழத்தின் மிட்டாய் வாசம். வாசம் மிட்டாயைச் சொல்ல, நாக்கில் மிட்டாய் இல்லை. முதல் மடக்கின் ஏமாற்றத்துக்குப் பாதிக் காரணம் இந்தப் பொய்தான். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் வாசம் மட்டும் இருந்திருந்தால் புளிப்போடு அது பொருந்தியிருக்கும். இனிப்பில்லாத பானத்துக்கு இனிப்பை நினைவூட்டாத வாசம் வேண்டும். பழச் சுவை எனர்ஜி டிரிங்க் செய்கிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது சோதனை கொடூரமானது. கேனில் கால்பங்கை விட்டுவைத்து ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது. குளிர் ஒரு கள்ளன். நாக்கு குளிர்ந்தால் இனிப்பும் காஃபீனின் கசப்பும் மங்கும், புளிப்பு மங்காது. ஐஸ் மாதிரி இருக்கும்போது 'நல்லா புளிப்பா, ஃபிரெஷ்ஷா இருக்கே' என்று தோன்றுவதற்கு அதுதான் காரணம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மறைந்திருந்ததெல்லாம் வெளியே வரும். என் கேனின் கடைசி கால்பங்கில் வாயு போயிருந்தது, கசப்பு நடு நாக்குக்கு நகர்ந்திருந்தது, அதோடு வைட்டமின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. மீதியைத் தொட்டியில் ஊற்றினேன். ருசிக்கு என்ன மார்க் என்றால், குளிர்ந்த முதல் பாதிக்கு ஆறு, ஆறிப்போன மீதிக்கு இரண்டு.

கிக் என்பதை இவ்வளவு சுலபமாக மதிப்பிட முடியவில்லை. அதற்கு எனக்குப் பத்து நாள் பிடித்தது.

முதல் கேனைக் குடித்த ஐந்தே நிமிடத்தில் எனக்குக் கண் பளிச்சென்று திறந்தது போல இருந்தது. 'சும்மா ஏறுது பார்' என்று தம்பியிடம் சொன்னேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால் அது நடக்க வழியில்லை. காஃபீன் வயிற்றைத் தாண்டி, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் உச்சத்தை எட்டப் பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அது செய்கிற காரியமும் சத்தமில்லாதது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்குரிய ஏற்பிகளில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். காஃபீன் முந்திக்கொண்டு அந்த இருக்கைகளில் உட்கார்ந்துவிடுகிறது. அடினோசின் போய்விடவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. இதில் 'கண் பளிச்' என்று திறக்கிற மாதிரி எதுவுமில்லை.

அப்படியானால் ஐந்து நிமிடத்தில் ஏறியது என்ன? தம்பி ஒரு யோசனை சொன்னான். "நான் ஒரு டூப்ளிகேட் பண்றேன்க்கா. உனக்குத் தெரியாம மாத்தி மாத்திக் குடுக்கறேன். கண்டுபிடி பாப்போம்."

முதலில் மூன்று நாள் காபி, டீ எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டாம் நாள் மத்தியானம் நெற்றியின் இரு பக்கமும் யாரோ பிடித்து அழுத்துகிற தலைவலி. தினமும் காஃபீன் எடுப்பவர் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்குவது வழக்கம். இதைத் தாண்டாமல் கிக்கை மதிப்பிடுவதில் அர்த்தமில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. காலையில் குடிக்கிற காபி கொடுக்கும் தெம்பில் ஒரு பகுதி, ராத்திரி முழுக்கக் குடிக்காமல் இருந்ததால் வந்த சோர்வு தீர்வதுதான். பள்ளத்திலிருந்து தரைக்கு ஏறியதை மலை ஏறியதாக எண்ணிக்கொள்கிறோம்.

அப்புறம் ஆறு நாள் சோதனை. தம்பியின் போலி இப்படி: சோடா, எலுமிச்சைச் சாறு, நிறத்துக்குக் கொஞ்சம் மாதுளைச் சாறு, கசப்புக்கும் துவர்ப்புக்கும் எலுமிச்சைத் தோலின் வெள்ளைப் பகுதியையும் மாதுளைத் தோலையும் ஊறவைத்த தண்ணீர். தினமும் காலை காசு சுண்டிப் போட்டு, பூ விழுந்தால் அசலில் 250 மில்லி, தலை விழுந்தால் போலியில் 250 மில்லி. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐஸ் குளிர்ச்சியில் கடகடவென்று குடித்துவிடுவேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, 'அசல்' அல்லது 'போலி' என்று சீட்டில் எழுத வேண்டும். கூடவே ஸ்கேல் விளையாட்டு. அவன் ஸ்கேலை என் விரல்களுக்கு நடுவே தொங்கவிட்டுச் சொல்லாமல் விடுவான், நான் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் நழுவியது என்பதிலிருந்து எவ்வளவு நேரத்தில் பிடித்தேன் என்று கணக்குப் போடலாம். 20 சென்டிமீட்டர் விழுந்தால் 0.2 நொடி.

ஆறாம் நாள் சீட்டுகளைப் பிரித்தோம். நான்கு நாள் அசல், இரண்டு நாள் போலி. ஐந்தாவது நிமிடச் சீட்டில் ஆறுக்கு மூன்று சரி. காசு சுண்டியே அவ்வளவு வாங்கலாம். இரண்டாம் நாள் சீட்டில் நான் 'அசல், செம கிக்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். அன்று குடித்தது தோல் தண்ணீர். தம்பி அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டான், இன்னும் எடுக்கவில்லை.

ஆக ஐந்து நிமிடத்தில் ஏறுவது குளிர், புளிப்பு, வாயு மூன்றும் சேர்ந்து வாயில் அடிக்கிற அடி. கூடவே 'எனர்ஜி டிரிங்க் குடித்திருக்கிறேன்' என்ற நினைப்பு. இனிப்பு இருந்தால் இந்த அடி பாதியாக மழுங்கியிருக்கும். இனிப்பில்லாத பானம் 'ஸ்ட்ராங்காக' இருக்கிறது என்று குடிக்கிறவர்கள் சொல்வதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். காஃபீன் அளவு அதேதான், 100 மில்லிக்கு 32 மில்லிகிராம்.

ஒரு மணி நேரச் சீட்டில் ஆறுக்கு ஐந்து சரி. பெருமைப்படும் முன் கணக்கைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஒன்பதில் ஒரு முறை இப்படி வரும். ஸ்கேலில் அசல் நாள்களில் குடிக்கும் முன் சராசரி 21 சென்டிமீட்டர், ஒரு மணி நேரம் கழித்து 18. போலி நாள்களில் கிட்டத்தட்ட மாற்றமில்லை. 21-க்கும் 18-க்கும் நடுவே நேரக் கணக்கில் 0.015 நொடி. இதுதான் 80 மில்லிகிராம் காஃபீன் எனக்குக் கொடுத்தது. அதை நான் உணரவேயில்லை. உணர்ந்ததாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நாள்களில் கடிகாரத்தை அடிக்கடி பார்க்கவில்லை. வேலையில் ஒரு பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான். இதைக் கிக் என்று சொன்னால் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான்.

டாரின் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1827-இல் எருதின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் லத்தீனில் எருதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர். நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது. பானத்தில் போடுவது செயற்கையாகச் செய்தது. எனக்கு அதனால் ஏதாவது ஆனதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பி வைட்டமின்கள் வேலை செய்ததற்கு மட்டும் ஆதாரம் உண்டு. குடித்த சில மணி நேரத்தில் சிறுநீர் பளீரென்ற மஞ்சள். பி2 மிஞ்சியது அப்படியே வெளியே போகிறது.

கிக்கின் இன்னொரு முனை தூக்கம். அதை மாட்டிக்கொண்டுதான் கற்றேன். சோதனையெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, வேலை நெருக்கடி என்று முழுக் கேனையும் குடித்தேன். இனிப்பில்லை, அதனால் லேசான சமாசாரம் என்று மனசுக்குள் ஒரு அலட்சியம். காஃபீன் பாதியாகக் குறைய ஒருவருக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குப் படுத்தபோது என் உடம்பில் இன்னும் 80 மில்லிகிராம், அதாவது ஒரு கோப்பை காபி அளவு. விடிகாலை நாலு மணிக்கும் 40. இரண்டரை வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். களைப்பு இருந்தது, தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு நினைப்பும் முடியும் முன் அடுத்தது தொடங்கியது.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், ஒரே தடவையில் 200 வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200. நான் குடித்தது 160, வரம்புக்குள்தான். எந்த மணிக்குக் குடிக்கிறாய் என்று அந்த எண் கேட்பதில்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 55 கிராம் சர்க்கரை இருந்திருந்தால் திகட்டி, அந்தக் கேனைப் பாதியில் வைத்திருப்பேன். இதில் திகட்டல் என்ற வேலியே இல்லை. குளிர்ச்சி மட்டும் இருந்தால் போதும், கடைசிச் சொட்டு வரை போகும்.

இப்போது அசல் என்றால் காலையில் பாதிக் கேன், நல்ல குளிர்ச்சியில், பத்து நிமிடத்துக்குள். மீதியைத் தம்பி குடித்துக்கொள்கிறான். அவனுக்கு அந்த மிட்டாய் வாசம் பிடித்திருக்கிறது. சாயங்காலத்தில் கண் சொக்கினால் அவனைத்தான் கூப்பிடுகிறேன்.

"எதுக்கா வேணும், அசலா?"

"தோல் தண்ணிதான். சோடா கொஞ்சம் தூக்கலா ஊத்து."